சட்டமும் முள்வேலியும்
(ராபர்ட் தாம்ஸன் நூலைப் பற்றி ஒரு விமர்சனம்)

ஆயுதமேந்திக் கிளர்ந்தோரை அடக்குவதற்கு அரசாங்கங்கள் கையாள வேண்டிய வழிகள் எவை என்பது பற்றி ஆங்கிலத்தில் எழுந்துள்ள நூல்கள் மிகப் பல. அவற்றுள் பெரும்பாலானவற்றில் ஒரு நாட்டின் பெயர் தவறாமல் வரக் காணலாம். அது நம்முடைய மலாயா. 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கி 1960-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 31-ஆம் தேதி வரையில் இங்கு நிலவிய அவசரகாலமே, பல தேசத்துச் சேனாதிபதிகளுக்கும் மந்திரிமார்களுக்கும் பாடப்புத்தகமாக இருந்து வருகிறது. நம் முன்னோர் பால் வெட்டிய மரங்களுக்கிடையே, அவர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி நடந்த காரியம் உலகத்துக்குப் பாடமாயிற்று. அப்பாடத்தை நாம் படித்ததுண்டா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லையென்றே விடை கூற வேண்டும்.

தோட்டத்துக் கிராணி ஒருவனுக்கு இத்தகைய நூல்களில் என்ன வேலை என்று நண்பர் சிலர் கேட்டனர். அன்று அரிசி அளந்த கணக்கையும், வேலிக்குள் குடியிருந்தவர்களின் பெயரையும் எழுதியவர் கிராணியே. இன்று நான் உட்காரும் மேசையில் அன்று உட்கார்ந்திருந்தவர் ஒருவரின் கையெழுத்து அப்போரில் இருக்கிறது. ஆகவே அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமையுண்டு என்றே நினைக்கிறேன்.

நூலும் ஆசிரியரும்

நான் இங்கு எடுத்துக்கொண்டது, ஸர் ராபர்ட் தாம்ஸன் 1966-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கம்யூனிஸ்ட் கிளர்ச்சியைத் தோற்கடித்தல்’ என்னும் பொருள்படும் ஆங்கில நூல். ஆசிரியர் மலாயா சிவில் சர்வீஸில் உத்தியோகம் பார்த்தவர். அவசரகாலம் முழுவதையும் உள்ளிருந்து கண்டவர். முடிவில் பாதுகாப்பு இலாகாவின் நிரந்தரக் காரியதரிசியாக உயர்ந்தவர். பின்னர் 1961 முதல் 1965 வரை தென் வியத்நாமில் பிரிட்டிஷ் ஆலோசனைக் குழுவுக்குத் தலைமை வகித்தார். ஒரு நாட்டில் வென்ற முறை மற்றொரு நாட்டில் தோற்றதைக் கண்ணாரக் கண்டு எழுதியவராதலின், அவர் எழுத்துக்குத் தனி மதிப்புண்டு.

அவர் கூறும் அடிப்படைக் கொள்கைகள் ஐந்து. முதலாவது, அரசாங்கத்துக்குத் தெளிந்த அரசியல் நோக்கம் ஒன்று வேண்டும். இரண்டாவது, அரசாங்கம் சட்டத்துக்கு உட்பட்டே நடக்க வேண்டும். மூன்றாவது, படை, போலீஸ், நிர்வாகம் எல்லாவற்றையும் இணைத்த முழுத் திட்டம் ஒன்று வேண்டும். நான்காவது, காட்டிலுள்ள கொரில்லாக்களை வேட்டையாடுவதைவிட, ஊருக்குள்ளிருந்து அவர்களுக்குச் சோறும் செய்தியும் அனுப்பும் இரகசிய அமைப்பை ஒழிப்பதே முக்கியம். ஐந்தாவது, தனக்கு ஆதாரமான ஊர்களை முதலில் காத்துக்கொள்ள வேண்டும்.

நூலின் சிறப்பை மறைத்துக் குறையை மட்டும் பேசுவது விமர்சனமாகாது. இந்த ஆசிரியர் வீரப்பிரதாபம் பேசவில்லை. குண்டு போடுவதால் கிளர்ச்சி ஒழியும் என்று நம்பிய பலருக்கு மத்தியில், அரசாங்கம் சட்டத்தை மீறினால் அது அரசாங்கம் என்னும் பெயருக்கே தகுதி இழந்துவிடும் என்று துணிந்து எழுதினார். சட்டத்தை மீறும் அரசாங்கத்துக்கும் அதை எதிர்த்துக் கிளம்பியவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் கேட்கும் கேள்வி, இன்றும் எல்லா நாட்டு மந்திரிகளின் மேசைமீதும் எழுதி வைக்கத் தக்கது.

சரித்திரம் என்ன சொல்லுகிறது?

இக்கொள்கைகளை நம் நாட்டு நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 1948 ஜூன் 16-ஆம் தேதி பேராக்கிலுள்ள சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு நாளில் நாடு முழுவதும் அவசரகாலம் பிரகடனமாயிற்று. விசாரணையின்றிக் காவலில் வைக்கலாம். அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்குத் தண்டனை. 1949-இல் வந்த 17-டி என்னும் விதிப்படி ஒரு கிராமம் முழுவதையுமே கைது செய்து நாடு கடத்தலாம். இவை அத்தனையும் அச்சிட்ட சட்டங்களே.

அதே காலத்தில் சட்டத்துக்குப் புறம்பான கொடுமையும் நடந்தது. 1948 டிசம்பர் மாதத்தில் பத்தாங் காலிக்கருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், ஆயுதமில்லாத சீனர் 24 பேரைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றனர். தப்பியோட முயன்றதால் சுடப்பட்டார்கள் என்று அப்போது சொல்லப்பட்டது. ஒருவரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படவில்லை. இறந்தவர்களின் குடும்பத்தார் இலண்டன் வரை சென்று வழக்காடினர். பகிரங்க விசாரணைக்கு உத்தரவிட இயலாதென்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் கூறியது 2015-ஆம் ஆண்டில். இடையில் கழிந்தவை 67 ஆண்டுகள்!

இவ்வளவு கடுமையும் கலகத்தை அடக்கிற்றா? இல்லை. 1950-இலும் 1951-இலும் அது உச்சத்தை எட்டியது. 1951 அக்டோபர் 6-ஆம் தேதி ஹை கமிஷனர் ஸர் ஹென்றி கர்னியே பிரேஸர் மலைச் சாலையில் வழிமறித்துக் கொல்லப்பட்டார். பயமுறுத்தலால் ஜனங்கள் பேசாதிருந்தார்கள். பேசாத ஜனங்களிடமிருந்து போலீஸுக்குச் செய்தி வராது. செய்தி இல்லாத சேனை காட்டில் இருட்டைச் சுடும்.

பின்னர் இரண்டு மாறுதல்கள் வந்தன. ஒன்று, 1950-இல் லெப்டினெண்ட் ஜெனரல் ஸர் ஹாரால்ட் பிரிக்ஸ் வகுத்த திட்டம். காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த சீனக் குடியானவர் சுமார் 5 லட்சம் பேரை முள்கம்பி வேலியிட்ட 400-க்கு மேற்பட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றினார்கள். மற்றொன்று, 1952-இல் வந்த ஜெனரல் டெம்ப்ளரின் ஆட்சி. காட்டுக்குள் மேலும் சிப்பாய்களை அனுப்புவதில் அல்ல, மக்களின் இதயத்தையும் மனத்தையும் பெறுவதிலேயே வெற்றி இருக்கிறது என்ற கருத்தில் அவர் கூறியது உலகப் பிரசித்தம்.

ஆனால் அதே டெம்ப்ளர் பதவியேற்ற சில வாரங்களில் தஞ்சோங் மாலிமில் செய்ததையும் நாம் மறக்கலாகாது. அங்கே 1952 மார்ச்சில் 12 பேர் பதுங்கித் தாக்கிக் கொல்லப்பட்டதும், ஊர் முழுவதற்கும் நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு விதித்தார். அரிசிப் பங்கைக் குறைத்தார். தெரிந்ததை எழுதிப் போடுங்கள் என்று வீடுதோறும் கடிதம் கொடுத்துப் பெட்டிகளில் வாங்கினார். ஏறக்குறைய இரண்டு வாரம் அவ்வூர் அப்படிக் கிடந்தது. இதயத்தைப் பெறுவது என்ற வாசகத்தை மேற்கோள் காட்டுவோர், இந்த அரிசிக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது நலம்.

கலகம் தளர்ந்ததற்குக் காரணம் யாது? பல காரணங்கள் சேர்ந்தன. உணவு அடைபட்டது. காட்டிலிருந்தவர்களும் தம் தவறுகளைத் தாமே உணர்ந்தார்கள். ரப்பர் மரங்களைப் பாழாக்குவதும் அடையாளச் சீட்டுகளைப் பறிப்பதும் தொழிலாளரின் வயிற்றிலடிப்பதாக முடிந்தபடியால், 1951 அக்டோபரில் அவர்களுடைய கட்சியே அவற்றைக் கைவிடத் தீர்மானித்தது. அரசாங்கமோ குடியுரிமை விதிகளை 1952-இல் தளர்த்தியது. அமைதியான பகுதிகளில் கட்டுப்பாடுகளை நீக்கி ‘வெள்ளைப் பகுதி’ என்று அறிவித்தது. 1953-இல் மலாக்காவில் அது தொடங்கிற்று. 1955-இல் பொதுத்தேர்தல், 1957 ஆகஸ்ட் 31-இல் சுதந்திரம். அந்நியனை விரட்டப் போராடுகிறோம் என்ற வாதம் அன்றோடு பொருளிழந்தது. ஆசிரியரின் முதற் கொள்கையாகிய அரசியல் நோக்கமே வென்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

சட்டம் என்றால் என்ன?

இனி நூலுக்கு நம் ஆட்சேபங்களைக் கூறுவோம். முதல் ஆட்சேபம் ‘சட்டம்’ என்ற சொல்லைப் பற்றியது. அவசர நிலைக்கேற்ப மிகக் கடுமையான சட்டங்களை அரசாங்கம் இயற்றலாம். அவை பயனுள்ளவையாகவும் எல்லோருக்கும் சமமாகச் செலுத்தப்படுபவையாகவும் இருந்தாற் போதும் என்பது ஆசிரியரின் கருத்து. இங்கேதான் அவர் சறுக்குகிறார். கிராமம் முழுவதையும் கைது செய்யலாம் என்ற 17-டி விதியும் சட்டமே. குற்றம் செய்தவனையும் செய்யாதவனையும் ஒரே லாரியில் ஏற்றுவதற்குச் சட்டம் என்று பெயரிட்டு விட்டால், சட்டத்துக்குட்பட்டு நடக்கிறோம் என்று எந்தச் சர்க்காரும் மார்தட்டலாமே!

கிராணி வேலையில் நான் கற்ற பாடம் ஒன்றுண்டு. செக்ரோல் பிழையில்லாமல் எழுதப்பட்டிருப்பதாலேயே அதிலுள்ள கூலி நியாயமான கூலியாகி விடாது. கணக்கு சரி என்பது வேறு. நியாயம் என்பது வேறு. எனினும் கணக்கே எழுதாத தோட்டத்தைவிடக் கணக்கு எழுதும் தோட்டம் மேல் என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். எழுதப்பட்டதைக் காட்டி வழக்காடலாம். எழுதப்படாததை என்ன செய்வது? 17-டி விதி அச்சிலிருந்தபடியால் அதைக் கண்டிக்க முடிந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. பத்தாங் காலி எந்தச் சட்டத்திலும் இல்லாதபடியால், அதற்கு நியாயம் கேட்டவர்கள் மூன்று தலைமுறை காத்திருந்தார்கள். ஆகவே ஆசிரியரின் இரண்டாம் கொள்கை பாதி உண்மை. மற்றப் பாதி இதுதான்: சட்டம் முடியும் நாள் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும், அதைச் செலுத்துவோரை விசாரிக்க வேறொருவர் இருக்க வேண்டும்.

இது வீண் தர்க்கமன்று. 1960 ஜூலையில் அவசரகாலம் முடிந்தது. அதே ஆண்டில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. காட்டிலிருந்த ஆயுதபாணிகளுக்காகவே இச்சட்டம் என்று சொல்லப்பட்டது. 1987-இல் எதிர்க்கட்சியினரும் சமூக ஊழியரும் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் மலேசியாவில் அதன்கீழ் கைதாயினர். அவர்களில் யார் துப்பாக்கி பிடித்தவர்? கம்யூனிஸ்டுகளோடு சமாதான ஒப்பந்தம் 1989-இல் ஹாட்யாயில் கையெழுத்தான பின்னும் அச்சட்டம் 23 ஆண்டு வாழ்ந்து, 2012-இல்தான் நீங்கியது. நீங்கும்போது தன் இடத்தில் வேறொன்றை வைத்துவிட்டே போயிற்று. சிங்கப்பூரில் அது இன்றும் அமலில் உள்ளது. நோய் தீர்ந்த பின்னும் மருந்தை நிறுத்தாத வைத்தியனைப் பற்றித் தாம்ஸன் நூலில் போதிய எச்சரிக்கை இல்லை.

வேலி வந்தது, நிலம் வந்ததா?

இரண்டாவது ஆட்சேபம் நம் வீட்டைச் சேர்ந்தது. புதுக்கிராமங்களைப் பற்றி எழுதாத ஆசிரியரில்லை. ஆனால் அதே திட்டத்தின்படி தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் சிதறியிருந்த தொழிலாளர் 6 லட்சத்துக்கு மேற்பட்டோர் ஓரிடத்தில் குவிக்கப்பட்டு வேலியிடப்பட்டனர். எண்ணிக்கையில் இது புதுக்கிராமத்தாரைவிட அதிகம். அவர்களுள் நம்மவர் ஏராளம். உலகம் படிக்கும் நூல்களில் இவர்களுக்குக் கிடைத்த இடமோ சில வரிகள்.

புதுக்கிராமத்துச் சீனர் பட்ட துன்பத்தை நான் குறைத்துரைக்கவில்லை. அவர்களுடைய குடிசைகள் கண்ணெதிரே கொளுத்தப்பட்டன. துப்பாக்கி முனையில் லாரியில் ஏற்றப்பட்டார்கள். ஆயினும் போய்ச் சேர்ந்த இடத்தில் பலருக்கு மனைக்கு உரிமைச் சீட்டும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும், நாளடைவில் தாமே தேர்ந்தெடுக்கும் கிராம சபையும் வாய்த்தன. அவர்கள் எதையோ காக்க வேண்டியவர்களானார்கள். தோட்டத் தமிழனுக்கு வாய்த்தது என்ன? வேலி வந்தது. வேலிக்குள்ளிருந்த நிலம் கம்பெனியின் நிலம். லயம் கம்பெனியின் லயம். வேலையை இழந்தவன் வேலிக்கு வெளியே நிற்க வேண்டியவனே.

அவனுக்கிருந்த ஒரே ஆயுதம் தொழிற்சங்கம். அதுவும் 1948 ஜூனில் முறிக்கப்பட்டது. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனம் சட்ட விரோதமாயிற்று. அதன் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தின நாள் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்கள் கொள்கையை ஒப்பாதவர்களும், சம்மேளனம் போனதோடு கூலி கேட்கும் வாயும் போயிற்று என்பதை ஒப்புவர். அந்த வாயை அடைத்தது தவறென்று அரசாங்கமே உணர்ந்து மிதவாதச் சங்கங்களை வளர்க்க முற்பட்டது. 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் அமைந்தது. வன்முறைக்கு வெளியே ஒரு வழி திறந்திருந்தால்தான் மனிதன் அவ்வழியே நடப்பான் என்பதை அரசாங்கம் ஆறு ஆண்டு கழித்துக் கற்றது.

காட்டிலிருந்தவர்களுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக எவரும் எண்ண வேண்டாம். பன்னிரண்டு ஆண்டில் கொல்லப்பட்ட சாதாரண ஜனங்கள் 2,400-க்கு மேற்பட்டோர். ஏழையின் பெயரால் ஏழையைக் கொன்றவர்களுக்குச் சரித்திரம் புகழ் பாடாது. ஆனால் அவர்களைக் கண்டு அஞ்சிய ஏழைக்கு அரசாங்கம் செய்ததென்ன என்று கேட்பது நம் கடமை.

என் பாட்டி அக்காலத்தில் பத்து வயதுச் சிறுமி. அவர் சொல்லியதை இங்கே எழுதுகிறேன். விடியுமுன் மரத்தடிக்குப் போனால்தான் பால் நன்றாக இறங்கும். ஊரடங்கு நீங்கி வாயில் திறக்கும்போது வெளுத்துவிடும். வெயிலேற ஏறப் பால் குறையும். பால் குறைந்தால் கூலி குறையும். வாயிலில் பெண்களைத் தடவிப் பார்க்க ஒருத்தி நிற்பாள். சோறு கட்டிக்கொண்டு போகக்கூடாது. காட்டிலிருப்பவனுக்குப் போய்விடுமாம். பாட்டியின் தாயார் ஒருநாள் இடுப்பில் ஒரு பிடி சோற்றை மறைத்துக்கொண்டு போய் அகப்பட்டார். எல்லோருக்கும் முன்னால் அதை மண்ணில் கொட்டச் சொன்னார்கள். பசியோடு போய், பசியோடு பால் தூக்கி, பிற்பகலில் திரும்பி வந்து உண்டார்கள். “சோத்தைக் கொட்டுனதுகூட இல்லேப்பா, அதைக் கிராணி நின்னு எழுதிக்கிட்டாரு. அதுதான் அம்மாவுக்கு ஆறலே” என்பார் பாட்டி. உணவு அடைப்பு என்னும் அத்தியாயத்தை நான் படிக்கும்போதெல்லாம் அந்தப் பிடி சோறு நினைவுக்கு வருகிறது. முறை வென்றது உண்மை. வென்ற முறையின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதைத் தாம்ஸன் கணக்கில் எழுதவில்லை.

அந்த விலைக்கு ஈடு கிடைத்ததா? 1950-களின் பிற்பகுதியில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, வேலிக்குள் குவிக்கப்பட்டிருந்தவர்களுக்குச் சொந்தமென்று ஒரு முழ நிலமில்லை. 1960-இல் சம்பந்தன் முதலானோர் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க நேர்ந்தது. அரசாங்கம் செய்யாததைக் கூலிக்காரனின் காசு செய்தது.

நகல் எடுத்தவர்கள்

மூன்றாவது, இந்நூலைப் படித்தவர்களைப் பற்றியது. 1962-இல் தென் வியத்நாமில் மலாயாவைப் பார்த்து ஆயிரக்கணக்கான வேலியிட்ட கிராமங்களை அவசர அவசரமாக எழுப்பினார்கள். அந்த அவசரத்தைத் தாம்ஸனே கண்டித்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் ஜனாதிபதி டியெம் கொல்லப்பட்டதும் அத்திட்டம் சிதைந்தது. அங்கே குடியானவனுக்குத் தன் முன்னோர் நிலத்திலிருந்து பிரிவு கிடைத்தது. அதற்கு ஈடாக ஒன்றும் கிடைக்கவில்லை. 2006-இல் அமெரிக்கச் சேனை ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்கிடையே வெளியிட்ட புதிய கைந்நூலும் மலாயாவை எடுத்துக்காட்டிற்று. 2021-இல் காபூல் எப்படி வீழ்ந்தது என்பதை எல்லோரும் அறிவோம்.

இவர்கள் நகல் எடுத்தது எதை? வேலி, அடையாளச் சீட்டு, துண்டுப் பிரசுரம், ‘இதயமும் மனமும்’ என்னும் வாசகம் ஆகிய இவற்றையே. குடியுரிமை, தேர்தல், சுதந்திரம், மனைக்குச் சீட்டு ஆகியவற்றை நகல் எடுப்பது கடினம். அவற்றைக் கொடுக்கும் அதிகாரம் அந்நியச் சேனையிடம் இருப்பதில்லை. இலகுவானதை எடுத்துக் கடினமானதை விட்டார்கள். வேலி அடைத்தவன் பயிரிடாவிட்டால் வேலிக்குள் களைதானே முளைக்கும்?

முடிவுரை

ஆகவே இந்நூலைத் தள்ள வேண்டும் என்பது என் கருத்தன்று. படிக்க வேண்டும், ஆனால் கேள்வி கேட்டுப் படிக்க வேண்டும். இக்காலத்தில் பயங்கரவாதம் வேறு உருவத்தில் வருகிறது. மதத்தின் பெயராலும் இனத்தின் பெயராலும் வருகிறது. அதை அடக்க அரசாங்கங்கள் கேட்கும் அதிகாரமோ பழைய உருவத்திலேயே வருகிறது. எந்த நாட்டில் அது கேட்கப்பட்டாலும் நாம் மூன்று கேள்வி கேட்போமாக. இந்தச் சட்டம் என்றைக்கு முடியும்? இதைச் செலுத்துவோரை யார் விசாரிப்பார்கள்? இதனால் துன்புறும் நிரபராதிக்கு நீங்கள் கொடுக்கப் போவது என்ன? மூன்றுக்கும் விடை சொல்லும் அரசாங்கத்துக்குத் துணை நிற்பது பிரஜைகளின் கடமை. விடை சொல்லாத அரசாங்கம் கலகக்காரனுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறது.

தோழர்களே! உங்கள் வீட்டில் முதியோர் இன்னும் இருப்பார்களாயின், ஓய்ந்த வேளையில் அவர்கள் அருகில் உட்கார்ந்து கேளுங்கள். வாயில் எத்தனை மணிக்குத் திறந்தது, அரிசி எத்தனை கட்டி அளந்தார்கள், யார் பிடித்துச் செல்லப்பட்டார், யார் திரும்பவில்லை என்று கேட்டு எழுதி வையுங்கள். சேனாதிபதிகளின் நூல்கள் நிறைய உள்ளன. வேலிக்குள்ளிருந்தவர்களின் நூல் இன்னும் எழுதப்படவில்லை. அன்று நம் சோற்றைக் கொட்டச் செய்ததை எழுதியது ஒரு கிராணியின் பேனா. அதை இன்று நம் பக்கத்திலிருந்து எழுதவும் அந்தப் பேனாவே போதும்.